கல்முனையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

(நூற்றாண்டு விழாவில் வெளிநாடு வாழ் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மண்டபத்தில் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டபோது, எந்தத் தலைப்பில் பேசலாம் என்று நாங்கள் தொலைபேசியில் பலமுறை கலந்து பேசினோம். லண்டனில் இருப்பவர்கள், மெல்பேர்னில் இருப்பவர்கள், தோஹாவிலும் ரியாத்திலும் இருப்பவர்கள் என்று ஆளுக்கொரு நேரத்தில் விழித்திருப்பவர்கள் நாங்கள். எல்லோரும் சேர்ந்து பேச ஒரு பொதுவான நேரம் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அதைச் சொல்லிச் சிரித்தபோதுதான் தலைப்பு கிடைத்தது. நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே: "லண்டன் எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம் செல்லும்?"

இந்தக் கேள்வியை எங்களிடம் முதன்முதலில் கேட்டவர் இந்தப் பாடசாலையின் புவியியல் ரீச்சர் ஒருவர். அவருடைய மேசையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. தையல் அறையிலிருந்து ஒரு துண்டு நூல் எடுத்து வரச் சொல்வார். நூலின் ஒரு நுனியைக் கொழும்பில் ஒருத்தியும் மறு நுனியை லண்டனில் இன்னொருத்தியும் பிடிக்க வேண்டும். பிறகு நூலை இறுக்கச் சொல்வார். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால் அது சவூதி அரேபியாவின் வட பகுதிக்கு மேலால் போகும். உருண்டையில் இறுக்கிய நூலோ அரபிக் கடலைக் கடந்து, ஈரானுக்கு மேலால், கருங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குள் போகும். "பூமி உருண்டை என்று வாயால் சொன்னால் போதாது புள்ளைகாள், நூலைப் பிடிச்சிப் பாருங்க" என்பார். விமானம் தேடுவது அந்த நூலின் வழியைத்தான். அதுவே மிகக் குறுகிய வழி.

அந்த உருண்டையின் விட்டம் 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். ஆகவே உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீற்றர். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். நூலில் இருபது சென்ரிமீற்றரும் கொஞ்சமும். மெல்பேர்ன் சுமார் 8,350 கிலோமீற்றர். இருபதுக்குச் சற்றுக் குறைவு. தோஹா சுமார் 3,600 கிலோமீற்றர், எட்டரை சென்ரிமீற்றர். ஜித்தா சுமார் 4,650 கிலோமீற்றர், பதினொன்று.

நம்முடைய கல்முனையிலிருந்து கட்டுநாயக்க? நேர்கோட்டில் சுமார் 215 கிலோமீற்றர்தான். நூலில் அரை சென்ரிமீற்றர். ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

இனி நேரத்தைப் பார்ப்போம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் எதிர்க்காற்றையும் சேர்த்தால் கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சுமார் பதினொரு மணித்தியாலம். திரும்பி வரும்போது காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும். தோஹாவுக்கு ஐந்து மணித்தியாலம் போதும்.

முதல்முறை பயணம் போகும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் கொழும்பு நேரமாகவும் இறங்கும் நேரம் லண்டன் நேரமாகவும் இருக்கும். பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்கு இறங்கும் என்று இருந்தால், ஐந்தரை மணித்தியாலம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. மாரி காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே மாலை ஆறரை என்றால் கல்முனையில் நள்ளிரவு பன்னிரண்டு. பயணம் பதினொரு மணித்தியாலம். எங்களில் ஒருத்தியின் உம்மா இந்தக் கணக்குத் தெரியாமல், மகள் இறங்கியிருப்பாள் என்று நினைத்து மாலையிலிருந்து நள்ளிரவு வரை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தஸ்பீஹ் ஓதியிருக்கிறார்.

சீட்டில் எழுதப்படாத நேரமும் ஒன்று உண்டு. கல்முனை வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். கட்டுநாயக்கவுக்கு வானில் ஏழு அல்லது எட்டு மணித்தியாலம். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். வானத்தில் பதினொன்று. இறங்கி, கடவுச்சீட்டு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, ரயில் பிடித்து வீடு சேர இரண்டு. மொத்தம் இருபத்து நான்கு. அதாவது 8,700 கிலோமீற்றர் பறக்கும் நேரம் பயணத்தின் பாதிகூட இல்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம் கடல் தாண்டும் நேரத்தைவிடக் கூட. அரை சென்ரிமீற்றர் எட்டரை சென்ரிமீற்றரை வென்றுவிடுகிறது.

போர்க்காலத்தில் இந்த அரை சென்ரிமீற்றர் இன்னும் நீண்டது. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறி உட்கார்ந்த காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. எந்த மணிக்குப் போய்ச் சேருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது ஆகாயத்திலும் அதைப் பார்க்கிறோம். 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரேனின் வான்பரப்பு மூடப்பட்டிருக்கிறது. ரீச்சரின் நூல் போகும் வழியில் விமானம் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போகிறது. போர் எங்கே நடந்தாலும் முதலில் பாதைதான் நீள்கிறது என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

இளைய மாணவிகளுக்காக நமது நாட்டுக் கதை ஒன்றையும் சொல்ல விரும்புகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததால் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோனது. 1943இல் காலிக்கு அருகில் உள்ள கொக்கல வாவியிலிருந்து பேர்த் நகரத்துக்கு கட்டலினா என்ற நீர்விமானங்களை விட்டார்கள். தூரம் சுமார் 5,600 கிலோமீற்றர். நடுவில் இறங்க இடமில்லை. எரிபொருளே பாரமாகிவிட்டதால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்கும்தான் இடம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். நேரம் 27 முதல் 32 மணித்தியாலம் வரை. ஒரே பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு முறை கண்டதால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 2017 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு நேரடி விமானச் சேவை தொடங்கியது. பேர்த்தையும் தாண்டி அவுஸ்திரேலியாவின் மறுகரை வரை போக இன்று பத்தரை மணித்தியாலம் போதும். தூரம் ஒரு கிலோமீற்றரும் குறையவில்லை. நேரம்தான் குறைந்தது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு நமது ஊரின் நூறு ஆண்டுகளைப் பார்ப்போம்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. ரயில் பாதை 1928இல் மட்டக்களப்பை அடைந்தது. ஆண்கள் அந்தப் பாலத்தைக் கடந்து வியாபாரத்துக்குப் போனார்கள். நமது மூத்தம்மாமார் போகவில்லை. கரைவாகுப் பற்றில், சம்மாந்துறையில், நிந்தவூரில், அக்கரைப்பற்றில் எல்லாம் வழக்கம் ஒன்றுதான்: வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். உம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் இருந்தது ஒரு சுவர், அல்லது ஒரு வேலி. அந்த வேலியிலும் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், கறிச்சட்டி கைமாற. பெண்ணுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே வேலிதான் அவளுடைய உலகத்தின் எல்லையாகவும் இருந்தது.

அந்தக் காலத்துப் பிள்ளைக்கு லண்டன் தூரமில்லை. ஏனென்றால் அப்படி ஓர் இடத்தை அவள் நினைத்ததே இல்லை. தூரமாக இருந்தது பாடசாலைதான். நடந்தால் கால் மணித்தியாலம். ஆனால் வயதுக்கு வந்த பிள்ளை அந்தத் தெருவால் போவதா என்ற கேள்வி அந்தக் கால் மணித்தியாலத்தைக் கடக்க முடியாத கடலாக்கியது. முன்வரிசையில் இருக்கும் மூத்த சகோதரிகளே, உங்கள் வகுப்பில் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய், "உங்கட மகள எங்கள நம்பி அனுப்புங்க" என்று வாப்பாமாரிடம் கேட்டு நின்ற ஆசிரியைகள் இந்தப் பாடசாலையில் இருந்தார்கள். அவர்கள் குறைத்த தூரத்தை எந்த விமானமும் குறைக்கவில்லை.

பிறகு பல்கலைக்கழகம். பேராதனை என்றால், மலையேறி, மகள் அங்கேயே தங்க வேண்டும் என்றால், பல வீடுகளில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைத்தது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம் என்றதும், "வேண்டாம்" என்ற வாப்பாமார் "போய் வா" என்றார்கள். இன்று இந்த மேடையில் இருக்கும் பட்டதாரிகளில் எத்தனை பேர் அந்த பஸ்ஸால் பட்டதாரியானவர்கள் என்று கேட்டால் கைகள் உயரும்.

இன்னொரு தூரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். அவளுடைய உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். ஐந்து மணித்தியாலப் பயணம்தான். ஆனால் ஒப்பந்தம் இரண்டு வருடம். அவள் பெரியபிள்ளையானபோது உம்மா இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதியபோதும் இல்லை. பெறுபேறு வந்த அன்று அவள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு முன்னால் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் லண்டனுக்குப் படிக்கப் போனோம், மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நமது பிரதேசத்திலிருந்து பெண்களாகத் தனியாக விமானம் ஏறி முதலில் போனவர்கள் பலர் அந்த உம்மாமார்தான். அவர்கள் அனுப்பிய பணத்தில் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவில் அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். இதோ சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26ஐச் சொல்லாமல் தூரத்தையும் நேரத்தையும் பற்றி நமது ஊரில் பேச முடியாது. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகில் பூமி அதிர்ந்தது. ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், ஏறக்குறைய ஒரு ஜெட் விமானம்போல, வந்தது. இரண்டு மணித்தியாலம் அளவில் மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் அடித்துவிட்டது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் நமக்கு ஒரு செய்தி வந்திருந்தால் போதும், எத்தனையோ பிள்ளைகள் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள். கடலுக்கு வேகம் இருந்தது. செய்திக்கு வழி இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த நாங்கள் தொலைக்காட்சியில் நமது கடற்கரையைத் தேடினோம். தொலைபேசி மணி அடிக்கவேயில்லை. அந்த நாட்களில் எங்களுக்கும் ஊருக்கும் இடையில் இருந்த தூரத்தைக் கிலோமீற்றரில் சொல்ல முடியாது.

இப்போது, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி லண்டனில் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறாள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரி இரவு பத்து மணிக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. இங்கே அதிகாலை மூன்றரை. அவளுடைய உம்மா மௌத்தாகிவிட்டார். அடுத்து கிடைக்கக்கூடிய விமானம் மறுநாள் காலை, நடுவில் ஓரிடத்தில் மாறி. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வீட்டு வாசலை மிதிக்க முப்பது மணித்தியாலத்துக்கு மேல். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது நமது மார்க்கம் காட்டிய வழி. காக்கா கேட்டார்: "நீ வாற வரைக்கும் வெச்சிருப்பமா?" அவள் சொன்னாள்: "வேணாம் காக்கா, எனக்காக வைக்காதீங்க. லுஹரோட அடக்கிடுங்க."

உம்மாவைக் குளிப்பாட்டுவது மகள்மாரின் கை செய்ய வேண்டிய கடைசி வேலை. அவள் ஒரே மகள். வேலிக்கு அப்பால் இருந்திருக்க வேண்டியவள். அவள் அழைத்தது எங்களில் ஊரில் இருந்த இரண்டு பேரை. "நான் செய்ய வேண்டியதை நீங்க செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் இருவரும் சுபஹுக்கு முன்னமே அந்த வீட்டில் இருந்தார்கள். தண்ணீர் ஊற்றிய கைகளில் இரண்டு கை அவளுடைய தோழிகளின் கை. இங்கே லுஹர் தொழுது ஜனாஸாவை மையவாடிக்கு எடுத்தபோது அங்கே காலை ஏழு மணி. அவள் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வீடு வந்து சேர்ந்தபோது அவள் முதலில் கட்டிப்பிடித்தது அந்த இரண்டு பேரையும்தான். "உம்மாட முகம் எப்படி இருந்திச்சி?" என்று கேட்டாள். அவர்களால் சொல்ல முடிந்தது.

சகோதரிகளே, எங்கள் எல்லோருக்கும் அந்த இரவு அழைப்பைப் பற்றிய பயம் உண்டு. 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டு, மறுபடி வழமைபோலத் திறக்க 2021 ஜனவரி ஆனது. அந்த மாதங்களில் எங்கள் பயம் இன்னும் கூடியது. இன்றைக்கு இருக்கும் எந்த விமானத்தாலும் லண்டனிலிருந்து லுஹருக்கு முன் கல்முனைக்கு வர முடியாது. வீதி திருந்தினால், எட்டு மணித்தியாலம் ஆறாகலாம். ஆனாலும் மிச்சம் இருக்கும் தூரத்தை ஆட்கள்தான் நிரப்ப வேண்டும். அந்த இரண்டு தோழிகளும் செய்தது அதுதான்.

ஆகவே நூற்றாண்டின் நினைவாகக் கட்டடத்துக்கும் நுழைவாயிலுக்கும் பணம் சேர்க்கும் சங்கத்திடம் மூன்று சிறிய வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வகுப்புத் தொகுதியிலும் ஊரில் இருக்கும் இரண்டு பேரின் பெயரும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். வெளியே இருப்பவளின் வீட்டில் சுகவீனமோ மௌத்தோ என்றால் அவளுக்குப் பதிலாக யார் போவது என்று நள்ளிரவில் தேட வேண்டியிருக்கக் கூடாது.

இரண்டாவது, உயர்தர மாணவிகளின் மாலை நேர மேலதிக வகுப்புக்கு ஒரு வான் ஒழுங்கு செய்வோம். இருட்டிய பிறகு எப்படித் திரும்புவது என்ற ஒரே காரணத்தால் விஞ்ஞானப் பிரிவை விட்ட பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அதன் மாதச் செலவில் ஒரு பங்கை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

மூன்றாவது, படிக்கவோ வேலைக்கோ முதல்முறையாக வெளிநாடு போகும் எந்தப் பெண்ணும், அவள் பட்டதாரியாக இருந்தாலும் பணிப்பெண்ணாக இருந்தாலும், போகும் நகரத்தில் இறங்கியதும் அழைக்க ஒரு பழைய மாணவியின் இலக்கம் அவள் கையில் இருக்கட்டும்.

அன்பு மாணவிகளே, உங்களில் சிலர் எங்களைவிடத் தூரம் போவீர்கள். போங்கள். போக முடியும் என்பதற்காகத்தான் நூறு வருடமாக இந்தப் பாடசாலை உழைத்திருக்கிறது. உங்களில் பலர் ஊரிலேயே இருப்பீர்கள். அது குறைந்த பயணமல்ல. வெளியே போனவர்களின் உம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கை உங்களுடையது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறக்காதிருங்கள்.

எங்கள் புவியியல் ரீச்சர் இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக. நூலை இறுக்கிப் பிடிக்கும்போது அவர் எப்போதும் இரண்டு பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார். ஒருத்தி லண்டனில், ஒருத்தி இங்கே. ஒருத்தி விட்டால் நூல் தொங்கிவிடும்.

இந்தப் பாடசாலையை உருவாக்கியவர்களுக்கும், வளர்த்தவர்களுக்கும், நம்மை விட்டுப் பிரிந்த ஆசிரியைகளுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.